நேரில் வந்து கூப்பிட்டால்தான்

அவள் பெயரை எழுதப் போவதில்லை. எழுதுவதென்றால் முதலில் அவள் வீட்டுக்கு நேரில் போய், கொடுத்த தண்ணீரைக் குடித்து, "உன்னைப் பத்தி எழுதப் போறேன்" என்று முகம் பார்த்துச் சொல்லிவிட்டு வர வேண்டும். போனில் கேட்டால் சிரித்துக்கொண்டே வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாள். எனக்கு இப்போது அவிநாசி வரை போய்வர நேரமில்லை. நேரமில்லை நேரமில்லை என்று சொல்லியே அவளிடம் ஒரு முறை மாட்டியிருக்கிறேன். அதனால் பெயர் வேண்டாம்.

பொறியியல் கல்லூரியில் நான்கு வருடம் என்னோடு படித்தவள். கல்லூரி சரவணம்பட்டியைத் தாண்டி இருந்தது. அவள் அவிநாசியில் ஏறுவாள், நான் நீலாம்பூரில் ஏறுவேன், இருவருக்கும் ஒரே கல்லூரி பஸ். அவள் அப்பாவுக்கு டயர் ரீட்ரெடிங் பட்டறை. அவள் யாரிடமும் 'ங்க' போடாமல் பேசி நான் கேட்டதில்லை. பஸ் டிரைவர், கூடப் படிக்கிற நான், கேன்டீன் வாசலில் படுத்துக் கிடக்கும் நாய், எல்லோருக்கும் ஒரே மரியாதைதான். "கொஞ்சம் தள்ளிக்குங்க" என்று அவள் சொல்லி அந்த நாய் தள்ளிப் படுத்ததை நானே பார்த்தேன். நாங்கள் உதைத்தாலும் அசையாத நாய் அது.

அவளுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. கூப்பிடாமல் எங்கும் போகக் கூடாது. யாரையாவது கூப்பிடுவதென்றால் நேரில் போய்த்தான் கூப்பிட வேண்டும். இந்த இரண்டையும் அவள் மீறி நான் பார்த்ததே இல்லை.

முதல் வருடம் கேன்டீனில் நாங்கள் மூன்று பேர் ஒரு மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான்காவது நாற்காலி காலி. அவள் டிபன் பாக்ஸோடு பக்கத்தில் வந்து நின்றாள். சும்மா நின்றாள். நாங்கள் பாட்டுக்குச் சாப்பிட்டோம். தக்காளி சாதம் முடிந்து தயிர் சாதத்துக்கு வந்தபோதும் நின்றுகொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏய், உக்கார வேண்டியதுதானே? நாற்காலி என்ன, கடிக்குமா?"

"நீங்க உக்காருன்னு சொல்லலீங்களே" என்று சொல்லிவிட்டு, முகமெல்லாம் மலர உட்கார்ந்தாள். அன்றைக்கு ஆரம்பித்த சகவாசம்.

வகுப்பு வாட்ஸப் குழுவில் யாராவது "ஐந்து மணிக்கு என் பிறந்தநாள் பார்ட்டி, எல்லோரும் வாங்க" என்று போட்டால் இவள் மட்டும் வரமாட்டாள். மறுநாள் பரிசை மட்டும் கொண்டுவந்து கொடுப்பாள். ஏன் வரவில்லை என்று கேட்டால், "குரூப்புல போட்டா அது நோட்டீசுங்க. அழைப்புங்களா?" என்பாள். கோபமெல்லாம் கிடையாது. பஸ் வராவிட்டால் வரமுடியாது என்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்வாள்.

இரண்டாம் வருடம் செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வரப்போகும் தேர்வாளரை, அவர் வேலை செய்யும் கல்லூரிக்கே போய், "நாளைக்கு வந்துருங்க சார்" என்று அழைத்துவிட்டு வந்தாள். நாங்கள் தலையில் அடித்துக்கொண்டோம்.

"அவருக்கு ஆர்டர் போயிருக்குடி! வராம எங்க போவாரு?"

"ஆர்டர் போயிருக்குமுங்க. யாராச்சும் வாங்கன்னு சொன்னாங்களா?"

அந்த மனிதர் மறுநாள் சிரித்த முகத்தோடு வந்தார். செய்முறைத் தேர்வுக்குச் சிரித்துக்கொண்டு வந்த தேர்வாளரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவிநாசித் தேருக்கு எங்கள் வகுப்பு நாற்பது பேரையும், ஒவ்வொருவர் மேசைக்கும் போய்த் தனித்தனியாக அழைத்தாள். ஒவ்வொருவரிடமும் கடைசியில், "குடும்பத்தோட வந்துருங்க." எல்லோரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள். போனது ஒன்பது பேர். அவள் வீட்டில் நாற்பது குடும்பத்துக்குச் சமையல் நடந்திருந்தது. அவள் அம்மா எங்கள் ஒன்பது பேரையும் எண்ணிப் பார்த்துவிட்டு, "மத்த ஒரம்பரையெல்லாம் பின்னால வர்றாங்களா கண்ணு?" என்று கேட்டார். விருந்தாளியை அந்தப் பக்கத்தில் ஒரம்பரை என்பார்கள். நான் மூன்றாவது முறை பாயசம் வாங்கிக்கொண்டேன். அந்த வீட்டில் 'குடும்பத்தோட' என்று சொன்னால் அதற்கு அண்டா ஏற்றுகிறார்கள் என்பதை அன்றைக்கே நான் மனதில் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

மூன்றாம் வருடம் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. மாணவர்களே நடத்தும் குறும்பேச்சு மாநாடு. ஒரு வெளிநாட்டு அமைப்பு இதற்கு உரிமம் கொடுக்கும். ஒரு பேச்சு பதினைந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அரங்கில் நூறு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. மேடையில் பேச்சாளர் தனியாக நிற்க வேண்டும், எல்லாவற்றையும் படம்பிடித்து அனுப்ப வேண்டும். ஒரு வருடம் மல்லுக்கட்டி அந்த உரிமத்தை வாங்கியவள் நான். தூக்கத்தில்கூட "வணக்கம், இன்றைய முதல் பேச்சாளர்" என்று உளறியதாக அம்மா சொன்னார்.

எங்கள் முதல்வர் லேசில் அனுமதி கொடுக்கவில்லை. முந்தின வருடம் ஏதோ ஒரு கருத்தரங்கில் சிறப்பு விருந்தினர் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனார். அந்த அவமானம் அவருக்கு ஆறவில்லை.

"பத்து மணிக்கு நான் உள்ளே வரும்போது ஹால் நிறைஞ்சிருக்கணும். இல்லேன்னா அங்கேயே மைக்கை வாங்கி, இதுதான் முதலும் கடைசியும்னு அறிவிச்சிடுவேன்" என்றார்.

சொன்னதைச் செய்கிற ஆள். ஆக, என் ஒரு வருட உழைப்பு மொத்தமும் நூறு நாற்காலிகளில் நின்றது.

பேச்சாளர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. பஸ்ஸில் அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய், "நீ என் கமிட்டிக்கு வாயேன்" என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு அது ஒரு வேலையை ஒருத்தி தலையில் கட்டுகிற விஷயம்தான். அவளுக்கு வேறாக இருந்திருக்கிறது.

நான் ஆறு பேச்சாளர்களுக்கு அருமையான ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று வாரம் ஆயிற்று. ஒரு பதிலும் இல்லை.

"மெயில் அனுப்புனா எப்படிங்க வருவாங்க?" என்றாள். "நேர்ல போய் அழைக்கோணுமுங்க. நீங்களும் வாங்க. ஒத்தையாப் போய் அழைக்கக் கூடாது."

இப்படியாக நான் அவள் ஸ்கூட்டியின் பின்னால் ஏறினேன். என் மடியில் ஓர் எவர்சில்வர் தட்டு. அதில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய மாநாட்டு அழைப்பிதழ். மஞ்சள் தடவாதே என்று நான் கத்தியது பலிக்கவில்லை.

முதலில் பீளமேட்டில் ஒரு பம்ப்செட் முதலாளி வீடு. நான் போன் போட்டுக் கேட்டபோதெல்லாம் அவருடைய அலுவலகம் 'பார்க்கலாம்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. காலை ஏழு மணிக்கு நாங்கள் போய் நின்றபோது வேட்டியோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து, "வாங்க வாங்க, உக்காருங்க. மொதல்ல தண்ணி குடிங்க" என்றார். குடித்தோம். அவள் எழுந்து நின்று தட்டை நீட்டினாள். அவர் அழைப்பிதழை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொண்ணு மாப்பிள்ளை பேரையே காணோமே?"

பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "அம்மணிக்குங்களா கல்யாணம்?" என்றார்.

நான் முறைத்தேன். அவள்தான், "இல்லீங்க, காலேஜ் விசேசமுங்க. நீங்க வந்து பதினஞ்சு நிமிசம் பேசோணுமுங்க" என்றாள்.

"எத்தனையோ காலேஜ்ல இருந்து மெயில் வருது. ஊட்டுக்கு வந்து கூப்புட்டது நீங்கதானுங்க. வந்தர்றேன்."

"குடும்பத்தோட வந்துருங்க" என்றாள் அவள். நானும் பக்கத்தில் நின்று, பெரிய மனுஷி மாதிரி தலையாட்டித் தொலைத்தேன்.

அடுத்த ஞாயிறு சத்தியமங்கலம். திம்பம் மலைப்பாதையின் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளிலும் சரக்கு லாரி ஓட்டும் ஓர் அக்கா. அவர் வீட்டில் தண்ணீரோடு நிற்காமல் இட்லி, கோழிக்குழம்பு என்று போய்விட்டது. அக்காவின் மாமியார் வாசற்படியில் நின்று, "எங்களையுங்களா கூப்பிடறீங்க?" என்று கேட்டார்.

"ஆமாங்க. ஒருத்தரையும் உட்டுப்போட்டு வரக் கூடாதுங்க" என்றாள் இவள்.

சும்மா மரியாதைக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தேன். இரண்டே மாதத்தில் ஆறு பேரும் சம்மதித்துவிட்டார்கள். நான் இணையத்தில் பதிவைத் திறந்தேன். ஒரே நாளில் நூறு மாணவர்கள் பதிந்தார்கள். நூறு நாற்காலி, நூறு பேர். அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்தவர்கள் கல்லூரியையே நான்தான் கட்டினேன் என்று நினைத்திருப்பார்கள்.

மாநாட்டுக்கு நான்கு நாள் இருக்கும்போது லாரி அக்கா போன் செய்தார்.

"ஏனுங்க அம்மணி, நாங்க ஒரு பதினெட்டுப் பேரு வாரோமுங்க. சம்பந்தி ஊட்டுலயும் ஒரு நாலு பேரைக் கூட்டிட்டு வரலாமுங்களா?"

விசாரித்தால், பம்ப்செட் முதலாளி வீட்டில் இருபது பேர். அதுமட்டுமில்லை, அவருடைய பங்காளிகள் மூன்று வீட்டுக்குச் சொல்லாவிட்டால் வருத்தப்படுவார்கள் என்று இவளே அந்த மூன்று வீட்டுக்கும் தட்டோடு போய் அழைத்திருக்கிறாள். மற்ற நான்கு பேச்சாளர்கள் வீட்டையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் எண்பதைத் தாண்டியது.

கமிட்டி அறையில், எல்லோர் முன்னாலும், நான் ஆடித் தீர்த்துவிட்டேன்.

"இது என்ன உங்க ஊட்டு சீமந்தமா? நூறு பேருக்கு மேல உக்காந்தா லைசென்ஸ் போயிரும், தெரியுமா தெரியாதா? எல்லாருக்கும் போன் போட்டு வர வேண்டாம்னு சொல்லு!"

"கூப்பிட்டவங்களை வராதீங்கன்னு சொல்றதுக்கு எனக்கு வாய் வராதுங்க" என்றாள் மெதுவாக.

"அப்ப நீ எதுக்கு இங்க? உன்னை யாருடி இந்தக் கமிட்டிக்குக் கூப்பிட்டா?"

கோபத்தில் யாரும் சொல்கிற வார்த்தைதான். ஆனால் அதை அவளிடம் போய்ச் சொன்னேனே, அந்த வாயை என்ன செய்வது!

"நீங்கதானுங்க கூப்பிட்டீங்க. பஸ்ல, நான் உக்காந்திருந்த சீட்டுக்கு வந்து கூப்பிட்டீங்க."

கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் போனதும், நானே சொல்கிறேன் பார் என்று லாரி அக்காவுக்குப் போன் போட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர், மாமியாருக்குப் புதுச்சேலை எடுத்திருப்பதையும், டெம்போ டிராவலர் பேசியிருப்பதையும், என்றைக்கும் தன் லாரியைத் திட்டும் மாமனார் அன்றைக்குத் தன் பேச்சைக் கேட்கப் போகிறார் என்பதையும் சொன்னார். "சரிங்கக்கா, வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அவள் முகம் ஞாபகம் வந்தது. இரண்டு நாள் பஸ்ஸில் அவள் முன்னால் உட்கார்ந்தாள், நான் பின்னால் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் அவள் பஸ்ஸில் வரவே இல்லை.

மாநாட்டு நாள், சனிக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு அரங்கில் பதினொரு மாணவர்கள். அதில் நான்கு பேர் கமிட்டி. ஒரு கம்பெனி முந்தின நாள் மாலை, சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஆன்லைன் தேர்வு என்று அறிவித்திருந்தது. பதிந்திருந்த மற்ற எல்லோரும் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு விடுதியில் உட்கார்ந்திருந்தார்கள். வேலை முக்கியம், யாரையும் திட்டவும் முடியாது. காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு அழுகை முட்டியது.

ஒன்பதரைக்கு வண்டிகள் வர ஆரம்பித்தன. டெம்போ டிராவலர், கார்கள், ஒரு மினி பஸ். பட்டுச்சேலை, மல்லிகைப்பூ, வெள்ளை வேட்டி. வெறுங்கையோடு ஒருவரும் வரவில்லை. தட்டுத் தட்டாகப் பழமும் தேங்காயும். எனக்கு உயிர் வந்தது. ஓடிப்போய் அரங்கின் கதவைத் திறந்துவிட்டேன்.

யாரும் உள்ளே வரவில்லை.

வாசலில் நாங்கள் வைத்திருந்தது ஒரு மேசை, ஒரு அட்டை, அதில் ஸ்கேன் செய்ய ஒரு கட்டம். ஒரு பெரியவர் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "இது என்னங்க, கோலமுங்களா?" என்றார். எல்லோரும் வேப்பமரத்து நிழலில் போய் நின்றுகொண்டார்கள். நான் கெஞ்சினேன். லாரி அக்காவின் மாமியார்தான் விஷயத்தைச் சொன்னார்.

"கூப்புட்ட புள்ளை வாசல்ல நின்னு வாங்கன்னு சொல்லாம நாங்க எப்படி கண்ணு உள்ள வர்றது?"

"அவ இன்னிக்கு வரலீங்க அம்மா."

"வராம என்ன? வெளிய பஸ் ஸ்டாப்புலதானே நிக்குது. வர்ற வண்டிக்கெல்லாம் வாங்க வாங்கன்னு கும்பிட்டு உள்ள தாட்டி உடுது. நீயும் வா கண்ணுன்னா, 'நீங்க போங்க, நான் வாரேன்'ங்குது."

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. அழைத்தவள் அன்றைக்கு வராமல் இருக்கக் கூடாது. அழைக்காத இடத்துக்குள் அவள் வரவும் கூடாது. அதனால் கல்லூரி கேட்டுக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். போன் போட்டேன். எடுக்கவில்லை. எடுக்கமாட்டாள் என்று தெரிந்தும் போட்டேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

மணி ஒன்பது ஐம்பது. முதல்வரின் கார் வந்து நின்றது. இறங்கியவர், வேப்பமரத்தடிக் கூட்டத்தையும், திறந்து கிடந்த காலி அரங்கையும், கண்ணீரும் கம்பலையுமாக நிற்கும் என்னையும் பார்த்து, "வாட் இஸ் திஸ்?" என்றார். அவருடைய ஆங்கிலத்துக்கு மொத்தக் கல்லூரியும் நடுங்கும். நான் திக்கித் திணறி நடந்ததைச் சொன்னேன். அவளை நான் கேட்ட கேள்வியையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

அதைக் கேட்டதும் அவர் குரலே மாறிவிட்டது.

"நானும் கோபிப் பக்கம்தான் அம்மணி. இப்படிக் கேட்டா ஆருதான் வருவாங்க? போய்க் கூப்பிடு. ஒத்தையாப் போகாதே, நானும் வாரேன்."

லாரி அக்காவின் மாமியார் தன் தட்டிலிருந்து நாலு பழத்தையும் வெற்றிலையையும் இன்னொரு தட்டில் எடுத்துவைத்து, சற்றும் யோசிக்காமல் அதை முதல்வர் கையில் கொடுத்தார். "நீங்க பெரியவங்க, நீங்க புடிங்க."

கழுத்தில் டை, கையில் வாழைப்பழத் தட்டு. முதல்வர் முன்னால் நடக்க, நான் பின்னால் போனேன். செக்யூரிட்டி எழுந்து சல்யூட் அடிக்கலாமா, கும்பிடலாமா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார்.

பஸ் ஸ்டாப் பெஞ்சில் அவள் அரக்குப் பட்டுப்பாவாடை தாவணியில் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். "வாங்க சார். வாங்க" என்றாள். பெஞ்சைத் துப்பட்டாவால் துடைக்கப் பார்த்து, தாவணி என்பது ஞாபகம் வந்து, கையாலேயே துடைத்தாள்.

"உக்காருங்க. மொதல்ல தண்ணி குடிங்க."

பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். முதல்வர் அண்ணாந்து குடித்தார். நானும் குடித்தேன். சாலையில் போகிற பஸ்காரர்கள் எல்லாம் எங்களையே பார்த்துக்கொண்டு போனார்கள்.

"தப்பு எம்மேலதான்" என்றேன். அழுதுவிட்டேன், அதை மறைக்க ஒன்றுமில்லை. "அந்த வார்த்தை நான் சொல்லியிருக்கக் கூடாது. மாநாட்டுக்கு வா. குடும்பத்தோட வா. மாநாட்டுக்கு மட்டுமில்ல, நான் எங்க இருந்தாலும் எங்க ஊட்டுக்கு எப்ப வேணாலும் வா. அதுக்கு இதுதான் அழைப்பு. இனி தனியா ஒரு அழைப்பு வேண்டியதில்ல."

முதல்வர் தட்டை நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"குடும்பம் இன்னிக்குப் பட்டறையில சோலியா இருக்குங்க. நான் மட்டும் வாரேன்" என்றாள்.

பத்து நிமிடத்தில் அரங்கு நிறைந்தது. அவள் வாசலில் நின்று ஒவ்வொருவராக "வாங்க, உள்ள வாங்க" என்று சொன்னாள், அவ்வளவுதான். கடைசியில் எண்ணிப் பார்த்தால் தொண்ணூற்றெட்டுப் பேர். தேர்வை முடித்துவிட்டு ஓடிவந்த இரண்டு மாணவர்களோடு சரியாக நூறு. மைக்கை வாங்கிய முதல்வர், "அடுத்த வருசமும் இது நடக்கும்" என்று சொல்லிவிட்டு, முன்வரிசையில் லாரி அக்காவின் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மாநாடு நடந்த அழகைத் தனியாகத்தான் எழுத வேண்டும். லாரி அக்கா பத்தொன்பதாவது வளைவில் பிரேக் பிடிக்காமல் போன கதையைச் சொல்லும்போது, முன்வரிசையிலிருந்து மாமியார், "இருபத்தி மூணாவது வளைவு கண்ணு!" என்று திருத்தினார். மாமனார் எழுந்து நின்று கை தட்டினார். அக்கா மேடையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பம்ப்செட் முதலாளி பேச்சின் நடுவில் பங்காளிகள் மூன்று பேர் மேடை ஏறி வரிசையாகத் துண்டு போர்த்தினார்கள். பதினைந்து நிமிடத்தில் நான்கு நிமிடம் துண்டுக்கே போனது. வீடியோவைப் பார்த்த வெளிநாட்டு அமைப்பு, ஏற்பாடு நன்றாக இருந்தது என்று பாராட்டிவிட்டு, பேச்சாளர்களுக்குத் தேங்காய் கொடுக்கப்பட்டதன் நோக்கம் என்ன என்று ஒரு கேள்வி கேட்டிருந்தது. பதிலை அவளையே எழுதச் சொன்னேன். தபாலில் போட்டாள்.

படிப்பு முடிந்தது. நான் பெங்களூரில் வேலைக்குப் போனேன். அவள் அப்பாவின் பட்டறைக் கணக்கைப் பார்த்துக்கொண்டு அவிநாசியிலேயே இருந்தாள். சென்ற வருடம் எனக்குக் கல்யாணம். லீவு கிடைக்கவில்லை, ஊருக்கு வந்ததே மூன்று நாள் முன்னால். அழைப்பிதழை எல்லோருக்கும் வாட்ஸப்பில் அனுப்பினேன். அவளுக்கு மட்டும் தனியாக, நான்கு வரி எழுதி, "நீ வராம இருக்கக் கூடாது" என்று சேர்த்து அனுப்பினேன். அனுப்பும்போதே கை கூசியது. அனுப்பிவிட்டேன்.

அவள் வரவில்லை. மேடையில் நின்று வருகிற கூட்டத்தையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தேன். மண்டபத்துக்கு எதிரே இருக்கும் பஸ் ஸ்டாப்பைப் போய்ப் பார்த்துவரச் சொல்லித் தம்பியைக்கூட அனுப்பினேன். அங்கேயும் இல்லை. என் கணவர் சென்னைக்காரர். "யாரைத் தேடறே?" என்று மூன்று முறை கேட்டார். என்னத்தைச் சொல்வது!

கல்யாணம் முடிந்த ஐந்தாம் நாள் காலை, நீலாம்பூரில் அம்மா வீட்டில் இருந்தோம். அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் அவள் நிற்கிறாள். பின்னால் அவள் அப்பா, அம்மா. கையில் தட்டு, அதில் சேலை, வேட்டி, பழம், தேங்காய்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

"கல்யாணத்துக்கு ஏண்டி வரலை?"

"கல்யாணம் மண்டபத்துலீங்களே. மண்டபத்துக்கு நீங்க வந்து கூப்பிடலீங்க" என்றாள் அவள், கொஞ்சமும் குறை சொல்கிற தொனி இல்லாமல். "ஊட்டுக்குக் கூப்பிட்டிருந்தீங்க. பஸ் ஸ்டாப்புல. அதான் வந்தோம். குடும்பத்தோட வரச் சொல்லியிருந்தீங்களே, அன்னிக்கு அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சோலி இருந்துச்சுங்க."

அவள் அப்பாவும் அம்மாவும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். மூன்று பேரும் படிக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"வாங்க" என்றேன். "உள்ள வாங்க. உக்காருங்க."

சொல்லிவிட்டுத் தண்ணீர் கொண்டுவர உள்ளே ஓடினேன்.